கார்டு ஆயிரம் இருக்கு, தலையில் எதுவும் நிற்கலை: டிஜிட்டல் கருவியால் படிப்பு வருமா?

நுனிவிரல் | 6 ஜனவரி 2025, இரவு 10.12

நேராகக் கேட்கிறேன். குறிப்பு ஒரு செயலியில், பிடிஎஃப் இன்னொன்றில், ஆன்கியில் (கேள்வி-விடைக் கார்டுகளைத் தேதி வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்கும் செயலி) ஆயிரத்துக்கு மேல் கார்டு. மஞ்சள் பூசாத பக்கமே கிடையாது. தேர்வில் உட்கார்ந்தால் "இதைப் பார்த்திருக்கேனே" என்று தோன்றுகிறது, எழுத வரமாட்டேன் என்கிறது. இதற்கு நடுவில் பயிற்சி வகுப்பு வேறு எடுக்கணும். அதில் ஸ்லைடு, வினாடி வினா, வீடியோ என்று ஏதாவது ஒரு கருவி கட்டாயமாம். என் கட்சி இதுதான்: டிஜிட்டல் கருவி எல்லாம் படிக்கிற மாதிரி காட்டிக்கொள்ள உதவும், அவ்வளவே. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

சாக்பீஸ் | 6 ஜனவரி 2025, இரவு 11.05

பாதி சரி. பார்த்த ஞாபகம் ஒன்று, பார்க்காமல் எழுதுவது வேறொன்று. திரும்பத் திரும்பப் படித்தால் முதலாவதுதான் வளரும்.

2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையைப் பாருங்கள். ஒரு குழு ஒரே உரைப்பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழு 83 விழுக்காடு சொன்னது, எழுதிப் பார்த்த குழு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்த குழு 40, எழுதிப் பார்த்த குழு 61. வேடிக்கை என்னவென்றால், "ஒரு வாரம் கழித்தும் எனக்கு ஞாபகம் இருக்கும்" என்று கூடுதலாக நம்பியது படித்த குழுதான்.

ஆகவே எந்தச் செயலியைப் பார்த்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: விடையைக் காட்டும் முன் என்னிடம் கேட்கிறதா? மஞ்சள் பூசுவது கேட்காது. அழகான குறிப்புச் செயலியும் கேட்காது, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போடவைக்கும். ஆன்கி கேட்கும். அப்படியும் நிற்கவில்லை என்றால் கோளாறு கார்டில் இருக்கும், இல்லை விடையைப் பார்த்த பிறகு நீங்கள் அழுத்துகிற பட்டனில் இருக்கும். ரெண்டு மூன்று கார்டை அப்படியே இங்கே ஒட்டுங்க.

நுனிவிரல் | 7 ஜனவரி 2025, காலை 7.30

முன்பக்கம்: "ஒளிச்சேர்க்கை – விளக்குக". பின்பக்கம்: பாடநூலிலிருந்து எடுத்த பதினைந்து வரி. ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான்.

கடைசிபெஞ்ச் | 7 ஜனவரி 2025, காலை 7.41

இது கார்டு இல்லைங்க, துண்டறிக்கை.

சாக்பீஸ் | 7 ஜனவரி 2025, மதியம் 1.20

கடைசிபெஞ்ச் சொன்னது நக்கலானாலும் விஷயம் அதுதான். பதினைந்து வரியில் பத்து ஞாபகம் வந்து ஐந்து வராவிட்டால் எந்த பட்டனை அழுத்துவீர்கள்? "குட்" (ஞாபகம் வந்தது) போட்டால் அந்த ஐந்து வரி நிரந்தரமாகக் காணாமல் போகும். "அகெய்ன்" (மறந்துவிட்டது, திரும்பக் கேள்) போட்டால் தெரிந்த பத்து வரியையும் சேர்த்துத் திரும்பப் படிக்கணும். கார்டு ஒன்றுக்குக் கேள்வி ஒன்று, விடை ஒன்று, ஏழெட்டு விநாடிக்குள் சொல்லி முடிக்கிற அளவு.

உங்கள் கார்டையே உடைத்தால்:

ஒளிவினை பசுங்கணிகத்தில் எங்கே நடக்கிறது? – தைலகாய்டு சவ்வில்.
கால்வின் சுழற்சி எங்கே? – ஸ்ட்ரோமாவில்.
வெளியேறும் ஆக்சிஜன் எந்த மூலக்கூறிலிருந்து வருகிறது? – நீரிலிருந்து.
இலை ஏன் பச்சையாகத் தெரிகிறது? – பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சுகிறது, பச்சையைக் குறைவாக.
ஒளிவினை தரும் எந்த இரண்டு பொருள்கள் கால்வின் சுழற்சிக்குப் போகின்றன? – ஏடிபி, என்ஏடிபிஎச்.

மூன்றாவது கார்டுதான் இதில் தங்கம். கரியமில வாயுவிலிருந்து வருகிறது என்று நினைக்கிற ஆட்கள் ஏராளம். எங்கே தடுமாறுகிறோமோ அங்கே கார்டு போடணும். பாடநூலில் உள்ள எல்லா வரிக்கும் போடக்கூடாது.

"விளக்குக" வகைக் கேள்விக்குக் கார்டு உதவாது. அதற்கு வெற்றுத்தாள்தான். தலைப்பை மட்டும் எழுதி, 10 நிமிடம் வைத்து, பார்க்காமல் எழுதுங்கள். பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டு விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். மறுநாள் கார்டாக வேண்டியது அந்த வேறு நிற வரிகள் மட்டும்.

வரிசைநிரல் | 7 ஜனவரி 2025, இரவு 9.48

பட்டன் விஷயத்தைச் சொல்லாமல் விட்டுட்டீங்க. மறந்துபோனால் "அகெய்ன்" மட்டும்தான். "ஹார்ட்" என்பதற்குப் பொருள் "கஷ்டப்பட்டு ஞாபகம் வந்தது". மறந்துவிட்டு மனசு கேட்காமல் "ஹார்ட்" அழுத்தினால், ஞாபகம் இருந்ததாகவே நிரல் எடுத்துக்கொண்டு அடுத்த தேதியைத் தள்ளிப்போடும். நிறையப் பேருக்கு இது தெரியாது.

அடுத்த தேதியைக் கணிக்கிற பழைய எஸ்எம்-2 முறை 1987இல் வந்தது. ஆன்கியில் உள்ள அதன் வடிவத்தில் ஒவ்வொரு கார்டுக்கும், இடைவெளியை நீட்டுகிற ஒரு பெருக்கல் எண், தொடக்கம் 2.5. ஒவ்வொரு "அகெய்ன்"க்கும் 0.20 குறையும், ஒவ்வொரு "ஹார்ட்"டுக்கும் 0.15. 1.3க்குக் கீழே போகாது. "குட்" மட்டுமே அழுத்துகிறவருக்கு அது திரும்ப ஏறவே ஏறாது. அப்படி அடிமட்டத்தில் சிக்கிய கார்டுகள் நன்றாகத் தெரிந்த பிறகும் அடிக்கடி வந்து உயிரை வாங்கும்.

ஆன்கி 23.10 பதிப்பிலிருந்து எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதுக் கணக்கு உள்ளேயே இருக்கிறது. டெக் (கார்டுத் தொகுப்பு) ஆப்ஷனுக்குப் போய் அதை இயக்குங்கள், "ஆப்டிமைஸ்" ஒரு தடவை அழுத்துங்கள், பிறகு மாதம் ஒரு தடவை போதும். "டிசயர்டு ரிடென்ஷன்" (எத்தனை பங்கு கார்டு ஞாபகம் இருக்கவேண்டும் என்ற இலக்கு) 0.90 என்று இருக்கும். அதில் கை வைக்காதீர்கள். 0.97க்கு ஏற்றினால் மதிப்பெண் ஏறும் என்று நினைப்பு வரும், ஏறுவது தினசரிச் சுமைதான். ஒரு எச்சரிக்கை: உங்கள் பழைய "ஹார்ட்" எல்லாம் மறந்தபோது அழுத்தியவை என்றால், அந்தத் தரவை வைத்து ஆப்டிமைஸ் செய்தால் கணக்கே கோணலாகும். அப்படியானால் இயல்பு அளவுகளோடே ஓட்டுங்கள்.

வரிசைநிரல் | 7 ஜனவரி 2025, இரவு 9.55

இன்னொன்று. ஒரே கார்டை 8 தடவை கோட்டைவிட்டால் ஆன்கி அதை "லீச்" என்று குறிக்கும், அமைப்பைப் பொறுத்து ஒதுக்கியும் வைக்கும். ஒதுக்கியதை அப்படியே உயிர்ப்பித்தால் பயனில்லை. உடையுங்கள், படம் சேருங்கள், இல்லையென்றால் அழித்துவிடுங்கள்.

நுனிவிரல் | 8 ஜனவரி 2025, மாலை 6.15

உடைத்தால் ஆயிரம் கார்டு ஐயாயிரம் ஆகுமே? ஏற்கெனவே ஒவ்வொரு நாளும் மீள்பார்வைக்கு முந்நூறு நிற்கிறது.

சாக்பீஸ் | 8 ஜனவரி 2025, இரவு 8.02

எல்லாவற்றையும் யார் உடைக்கச் சொன்னது? பழைய டெக்கை "சஸ்பெண்ட்" செய்யுங்கள். அன்றன்று வகுப்பில் வருவதற்கு மட்டும் புதுக் கார்டு.

கணக்கு இப்படி: தினம் 20 புதுக் கார்டு என்பது இயல்பாக இருக்கும் அளவு. அதை நிறுத்தாமல் போட்டால் சில வாரத்தில் தினசரி மீள்பார்வை சுமார் 200இல் வந்து நிற்கும். கார்டுக்கு 8 விநாடி என்றால் 1,600 விநாடி, அதாவது 27 நிமிடம். பதினைந்து வரிக் கார்டுக்கு 40 விநாடி என்றால் அதே 200க்கு இரண்டேகால் மணி நேரம். மீள்பார்வைக்கு முந்நூறு நிற்பதன் ரகசியம் இதுதான்.

தேங்கியதைத் தீர்க்க: புதுக் கார்டு 0, மீள்பார்வை உச்சவரம்பு 100. தேங்கியது தீர்ந்த பிறகு புதுசு 5, அப்புறம் 10. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முந்நூறையும் முடிக்கிற வீரம் வேண்டாம், கடைசி நூறில் "குட் குட் குட்" என்று விரல் தானாக ஓடும்.

கடைசிபெஞ்ச் | 9 ஜனவரி 2025, காலை 10.30

இவ்வளவு கணக்கு எதற்கு? மடிக்கணினியை மூடிவிட்டுக் கையால் எழுதினால் போதும். 2014 ஆய்விலேயே நிரூபித்துவிட்டார்களே.

சாக்பீஸ் | 9 ஜனவரி 2025, மதியம் 12.44

முல்லரும் ஓப்பன்ஹைமரும் செய்தது. தட்டச்சு செய்தவர்கள் சொன்னதைச் சொன்னபடியே பதிந்தார்கள், கருத்துக் கேள்விகளில் கையால் எழுதியவர்கள் மேல். ஆனால் 2021இல் அதே சோதனையை மறுபடி செய்தபோது, சொன்னதையே பதிகிற பழக்கம் தெரிந்தது, தேர்வில் எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை. "நிரூபித்துவிட்டார்கள்" என்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

என் தேர்வு: வகுப்பில் கை, வீட்டில் கணினி. சமன்பாடு, வரைபடம், அம்புக்குறி போடுவதற்குக் கைக்கு ஈடு இல்லை. தேடுவதற்கும் திருத்துவதற்கும் கணினிக்கு ஈடு இல்லை. வகுப்பில் திறந்திருக்கிற மடிக்கணினியின் பெரிய பிரச்சினை தட்டச்சே அல்ல, உலாவியின் பக்கத்து டேபில் ஓடுகிற சங்கதிகள்.

கடைசிபெஞ்ச் | 9 ஜனவரி 2025, மதியம் 12.50

பக்கத்து டேபைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

நுனிவிரல் | 11 ஜனவரி 2025, இரவு 9.20

சரி, கார்டு புரிந்தது. வகுப்பு எடுக்கிற பக்கம் வாருங்கள். 40 பேர், பாடம் இயக்கவியல், 45 நிமிடம். வினாடி வினா செயலி போட்டால் கலகலப்பாக இருக்கும் என்கிறார்கள்.

வரிசைநிரல் | 11 ஜனவரி 2025, இரவு 11.37

கலகலப்பு வேண்டுமென்றால் போடுங்க. யாருக்குப் புரியவில்லை என்று தெரியவேண்டுமென்றால் அமைப்பை மாற்றிவிட்டுப் போடுங்க. கஹூட் மாதிரி விளையாட்டில் இயல்பு நேரம் 20 விநாடி, சீக்கிரம் தட்டினால் அதிக புள்ளி. யோசிக்கவேண்டிய கேள்விக்கு இது நேர் எதிரி. கேள்வியைப் படிக்கவே 10 விநாடி போய்விடும். நேரத்தை 60 அல்லது 90 ஆக்குங்கள், வேகப் புள்ளியை அணையுங்கள்.

அதைவிட நல்ல முறை, ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இலிருந்து நடத்திவருவது. கருவி எதுவானாலும் படிகள் இவை:

கருத்துக் கேள்வி ஒன்று போடுங்கள். உதாரணம்: செங்குத்தாக மேலே எறிந்த கல், உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் முடுக்கம் எவ்வளவு? (அ) 0 (ஆ) 9.8 மீ/வி², கீழ்நோக்கி (இ) 9.8 மீ/வி², மேல்நோக்கி (ஈ) 0க்கும் 9.8க்கும் இடையே. ஒன்றரை நிமிடம், பேசக்கூடாது, தனித்தனியாக வாக்கு. முடிவை நீங்கள் மட்டும் பாருங்கள். சரியான விடை 30 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் யாருக்குமே புரியவில்லை, திரும்ப நடத்துங்கள். 70க்கு மேலே இருந்தால் சுருக்கமாக விளக்கிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். இடையில் இருந்தால்தான் சரக்கு இருக்கிறது: "வேறு விடை போட்டவரைக் கண்டுபிடித்து உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள்" என்று மூன்று நிமிடம் விடுங்கள். பிறகு மறு வாக்கு. அதற்குப் பிறகுதான் விடை.

கெடுவது எங்கே என்றால், முதல் வாக்கின் பட்டை வரைபடத்தைத் திரையில் காட்டிவிடுவார்கள். உயரமான பட்டை எதுவோ அதுதான் சரி என்று மறு வாக்கில் எல்லாரும் சாய்ந்துவிடுவார்கள். செயலியில் "முடிவை மறை" என்ற வசதி பெரும்பாலும் இருக்கும், வகுப்புக்கு முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ப்ரொஜெக்டரைக் கொஞ்ச நேரம் அணைத்துவிடுங்கள்.

45 நிமிடத்துக்கு இப்படி மூன்று கேள்வி. நான்கு போட்டால் ஓட ஆரம்பிப்பீர்கள்.

நுனிவிரல் | 12 ஜனவரி 2025, காலை 8.05

எல்லாரிடமும் போன் இல்லை. இணையமும் நம்பமுடியாது.

சாக்பீஸ் | 12 ஜனவரி 2025, காலை 9.18

ப்ளிக்கர்ஸ். மாணவருக்குக் காகித அட்டை மட்டும். அட்டையை எந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்கிறாரோ அதுதான் விடை. நீங்கள் போன் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் விடைகள் பதிவாகும். அட்டை ஒவ்வொன்றும் ஒரு மாணவருக்கு உரியது, ஒருவருடையதை இன்னொருவர் பிடித்தால் பதிவு குழம்பும். அச்சடிக்கும்போது பளபளப்புத் தாளோ லேமினேஷனோ வேண்டாம், விளக்கு பட்டு மினுங்கினால் கேமரா படிக்காது. விரல் கறுப்புக் கட்டத்தை மறைத்தாலும் படிக்காது.

அதுவும் முடியாதென்றால் விரல்களை நெஞ்சோடு ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள், ஒன்று முதல் நான்கு வரை. பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. பேட்டரியும் தேவையில்லை.

வரிசைநிரல் | 12 ஜனவரி 2025, இரவு 10.10

இணையப் படிவத்தில் தமிழில் குறுவிடை வாங்கித் தானாகத் திருத்த நினைப்பவர்களுக்கு, முடிந்தால் அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். "பௌதிகம்" என்பதில் ஔகாரக் குறி ஒரே எழுத்துக்குறி. அதையே "பெளதிகம்" என்று எகரக் கொம்பும் ளகரமும் சேர்த்துத் தட்டுபவர்கள் பாதிப் பேர். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு, மதிப்பெண் பூஜ்யம். "ஸ்ரீ" இரண்டு விதமாகக் குறியேற்றப்படும். சொல்லுக்குப் பின் ஒரு வெற்றிடம் விட்டாலும் தவறு. இணையத்திலிருந்து வெட்டி ஒட்டினால் கண்ணுக்கே தெரியாத இணைப்புக்குறி ஒன்று கூட வரும், விரிதாளில் வெற்றிடம் நீக்குகிற ட்ரிம் சார்பு போட்டாலும் அது போகாது. சந்தேகம் வந்தால் லென் சார்பு போட்டு எழுத்து எண்ணிக்கை பாருங்கள். ஒரே மாதிரி தெரிகிற இரண்டு சொல்லுக்கு எண் வேறாக வந்தால் மறைவாக ஏதோ இருக்கிறது.

எண் விடையோ பலவுள் தெரிவோ கேளுங்கள். குறுவிடையைக் கண்ணால் திருத்துங்கள்.

வரிசைநிரல் | 12 ஜனவரி 2025, இரவு 10.31

விரிதாள் என்றதும் ஞாபகம் வந்தது. வினாத்தாள் முடிந்ததும் மொத்த மதிப்பெண்படி வரிசைப்படுத்தி, மேலே உள்ள 27 விழுக்காட்டையும் கீழே உள்ள 27 விழுக்காட்டையும் எடுங்கள். 40 பேரில் 11, 11. ஒரு கேள்விக்கு மேல் குழுவில் 9 பேர் சரி, கீழ் குழுவில் 4 பேர் சரி என்றால் (9−4)÷11 = 0.45, நல்ல கேள்வி. 0.2க்குக் கீழே வந்தால் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். கழித்தல் குறியோடு வந்தால், கெட்டிக்காரர்கள் தவறாகவும் மற்றவர்கள் சரியாகவும் எழுதியதாகப் பொருள். முதலில் உங்கள் விடைக்குறிப்பைச் சந்தேகப்படுங்கள்.

கடைசிபெஞ்ச் | 13 ஜனவரி 2025, காலை 9.02

கீழ் 27இல் நிரந்தர உறுப்பினர் என்ற முறையில் இந்தக் கணக்கை ஆதரிக்கிறேன்.

சாக்பீஸ் | 15 ஜனவரி 2025, இரவு 7.50

வீடியோவை மறந்துவிட்டோம். பாடத்தைத் துண்டாகப் பதிவு செய்யுங்கள், ஒன்று 6 நிமிடத்துக்குள். 2014இல் எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்தபோது, 6 நிமிடத்துக்கு மேல் போனதும் பார்ப்பவர்கள் கழன்றுகொள்வது தெரிந்தது.

ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு நிரலில் பதிவு வடிவம் எம்கேவி வையுங்கள். சாதாரண எம்பி4இல் பதியும்போது நடுவில் மின்சாரம் போனாலோ நிரல் செத்தாலோ கோப்பு முழுக்கத் திறக்காமல் போகும். எம்கேவியில் அதுவரை பதிந்தது தப்பிக்கும். முடிந்ததும் ஃபைல் மெனுவில் "ரீமக்ஸ்" கொடுத்தால் தரம் குறையாமல் எம்பி4 கிடைக்கும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில், இல்லையென்றால் "ப", "ட" எல்லாம் வெடிக்கும். ஒலி அளவு உச்சத்தில் −6 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது. படம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், ஒலி மங்கினால் மூடிவிடுவார்கள்.

வரிசைநிரல் | 15 ஜனவரி 2025, இரவு 9.14

6 நிமிடம் என்பது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்கு. எவ்வளவு கற்றார்கள் என்று அந்த ஆய்வு அளக்கவில்லை. கடினமான ஒரு கணித நிறுவலை 6 நிமிடத்துக்காக இரண்டாக வெட்டினால் இரண்டாம் பாதிக்கு வருபவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஒரு கருத்து எங்கே முடிகிறதோ அங்கே வெட்டுங்கள், நடுவில் "நிறுத்திவிட்டு அடுத்த வரியை நீங்களே எழுதுங்கள்" என்று ஒரு இடம் வையுங்கள்.

சாக்பீஸ் | 15 ஜனவரி 2025, இரவு 9.40

ஒத்துக்கொள்கிறேன். நிறுவலுக்கு 6 நிமிட வரம்பைத் தளர்த்தலாம். அந்த நிறுத்தம் வீடியோ நீளத்தைவிட முக்கியம்.

ஸ்லைடுக்கு ஒரே வார்த்தை: திரையில் இருக்கிற வாக்கியத்தை அப்படியே வாசிக்காதீர்கள். கண் முன்னால் ஓடும், காது பின்னால் வரும், இரண்டும் மோதும். படத்தைப் போட்டு வாயால் விளக்குங்கள். எழுத்து 28 புள்ளிக்குக் கீழே வேண்டாம். வேறு கணினியில் உங்கள் தமிழ் எழுத்துரு இருக்காது, வரி உடைந்து கட்டத்துக்கு வெளியே ஓடும், அதனால் பிடிஎஃப் பிரதி ஒன்று கையில் இருக்கட்டும். பிடிஎஃப்பில் அனிமேஷன் ஓடாது, அதை நம்பிப் பாடம் அமைக்காதீர்கள்.

நுனிவிரல் | 18 ஜனவரி 2025, மாலை 5.33

சாட்பாட்டிடம் கேட்டுப் படிப்பதைப் பற்றி யாருமே வாயைத் திறக்கவில்லையே?

சாக்பீஸ் | 18 ஜனவரி 2025, இரவு 8.26

"விளக்கு" என்று கேட்டால் வழவழப்பான பதினைந்து வரி வரும். நீங்கள் முதலில் ஒட்டிய கார்டுதான், வேறு உருவத்தில். திருப்பிப் போடுங்கள். பாடப்பகுதியை ஒட்டி, "இதிலிருந்து மட்டும் ஐந்து கேள்வி கேள், ஒவ்வொன்றாகக் கேள், நான் பதில் எழுதும்வரை விடை சொல்லாதே" என்று கொடுங்கள். பதிலைப் புத்தகத்தில் சரிபாருங்கள், அதனிடமே கேட்காதீர்கள். தவறான விடையையும் அதே தெம்போடு சொல்லும். "நான் சொன்னதில் எது தவறு?" என்று அழுத்திக் கேட்டால் சரியானதையும் தவறு என்று ஒப்புக்கொள்ளும். மேற்கோள், நூல் பெயர், பக்க எண் தந்தால் தேடிப் பார்க்காமல் எங்கேயும் எழுதாதீர்கள்.

அது தயாரித்துத் தரும் கார்டுகளை மொத்தமாக ஆன்கியில் இறக்குவதும் வேண்டாம். எது கேள்வி, எது விடை என்று நீங்கள் முடிவு செய்கிற அந்த நிமிடமே படிப்பில் பாதி.

நுனிவிரல் | 2 பிப்ரவரி 2025, இரவு 9.45

ஒரு நடைமுறைக் கேள்வி. கார்டுகளை விரிதாளில் எழுதி சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரிக்கிற கோப்பு) சேமித்தேன். ஆன்கியில் ஏற்றினால் சில கார்டில் விடை பாதியில் அறுந்திருக்கிறது. எக்செல்லில் அதே கோப்பைத் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் கிறுக்கல்.

வரிசைநிரல் | 2 பிப்ரவரி 2025, இரவு 10.20

இரண்டும் வேறு வேறு நோய். விடைக்குள் காற்புள்ளி இருக்கிற கார்டுகள்தான் அறுந்திருக்கும், மேற்கோள் குறிக்குள் அடைக்காவிட்டால் அந்த இடத்தில் அடுத்த நெடுவரிசை ஆரம்பிப்பதாக எடுத்துக்கொள்ளும். டேப் பிரிப்பான் கொண்ட உரைக் கோப்பாகச் சேமித்து, ஏற்றும்போது பிரிப்பானாக "டேப்" தேர்ந்தெடுங்கள். கிறுக்கல் வருவது குறியேற்றத்தால்: கோப்பு யூடிஎஃப்-8, எக்செல் அதை வேறாக எடுத்துக்கொள்கிறது. இரட்டைச் சொடுக்கில் திறக்காமல் டேட்டா மெனுவில் "ஃப்ரம் டெக்ஸ்ட்" வழியாகப் போய் 65001 யூனிகோட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் வரும். கிறுக்கலோடு திறந்த கோப்பை மட்டும் சேமித்துவிடாதீர்கள், மூல எழுத்து போய்விடும்.

சாக்பீஸ் | 2 பிப்ரவரி 2025, இரவு 10.34

ஏற்றிய பிறகு போனையும் கணினியையும் ஒத்திசைக்கும்போது சில நேரம் "அப்லோடா, டவுன்லோடா" என்று ஆன்கி கேட்கும். ஒன்றைத் தேர்ந்தால் மற்றது முழுக்க அழியும், இரண்டையும் சேர்க்காது. புதுக் கார்டு கணினியில் இருந்தால் கணினியில் "அப்லோட்", பிறகு போனில் "டவுன்லோட்". மாற்றி அழுத்திவிட்டால் பதறி எதையும் தொடாதீர்கள். கணினியில் ஃபைல், ஸ்விட்ச் ப்ரொஃபைல், ஓப்பன் பேக்கப் என்று போனால் தானாக எடுத்துவைத்த பழைய பிரதிகள் தேதிவாரியாக இருக்கும்.